முதுகோடு முதுகாக இரண்டு மேசைகள்

அத்தியாயம் 11

“உங்கப்பா அம்மா என்னம்மா வேலை செய்றாங்க?”

மூன்றாம் வகுப்பு டீச்சர் அவளிடம் கேட்ட கேள்வி அது. மற்ற பிள்ளைகள் எல்லாம் டிரைவர், நர்ஸ், துணிக்கடை என்று சட்டென்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். அவள் மட்டும் எழுந்து நின்று விரலை முறுக்கிக்கொண்டே யோசித்து, “மத்தவங்க சொன்ன பதிலுக்கெல்லாம் நம்பர் போடுவாங்க” என்றாள்.

வகுப்பே சிரித்தது. வீட்டில் இரண்டு பேருமே டீச்சரா என்று கேட்டார் அவர். ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். விளக்கிச் சொல்ல அந்த வயதில் வார்த்தை போதவில்லை.

இன்று அதே வேலை அவளுடையதும் ஆகிவிட்டது. அதே ஆய்வு நிலையம், அதே கட்டடம், ஒரு மாடி மேலே. வேலை செய்யும் இடத்தில் அவளை மேடம் என்கிறார்கள். வீட்டில் இன்னமும் வாண்டுதான்.

நிலையத்தின் ஆட்கள் சில வருடங்களுக்கு ஒருமுறை அதே குடும்பங்களைத் தேடிப் போய்க் கேள்வி கேட்பார்கள். படிப்பு, வேலை, உடம்பு என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பார்கள்: “நல்ல வாழ்க்கைன்னா உங்களுக்கு என்ன?” இதற்கு யாரும் எதையும் சொல்லலாம். ஆனால் சொன்னதைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால் துணை, பாதுகாப்பு, ஆரோக்கியம், மரியாதை என்று ஏதாவது ஒரு பெட்டியில் போட்டாக வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண். அந்த எண்ணைப் போட ஒரு செக்‌ஷனே இருந்தது.

ஒரே பதிலை இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பார்கள். ஒருவர் போட்ட எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு ஒத்துப்பார்ப்பார்கள். ஒத்துவராத பதில்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு முடிவுக்கு வரும்வரை வாதாட வேண்டும்.

அப்படி முதுகோடு முதுகாக உட்கார்ந்து எண் போட்டவர்கள்தான் அப்பாவும் அம்மாவும். பேசக் கூடாது என்ற விதிக்குள் இருந்துகொண்டே காதலித்தவர்கள்.

செக்‌ஷன் மூடி வெகுகாலம் ஆகிறது. அதற்குப் பிறகு வந்த பதில்கள் எண் போட ஆளில்லாமல் மலையாகக் குவிந்து கிடந்தன. அதைத்தான் வாண்டு இப்போது செயற்கை நுண்ணறிவு மாடலுக்குக் கொடுத்திருந்தாள். ஒரு பருவம் முழுக்க செக்‌ஷன் செய்த வேலையை அது ஒரு டீ ஆறுவதற்குள் செய்துவிட்டது.

ஆனால் செய்தது சரியா என்று யார் சொல்வது?

பழைய விதிகள் கைவந்த மனிதர்கள் கொஞ்சம் பதில்களை மறுபடி படித்து எண் போட வேண்டும். அதோடு மாடலின் எண்ணை ஒப்பிட வேண்டும். அந்த விதிகள் கைவந்தவர்களில் இன்று இந்த ஊரில் மிச்சமிருப்பது இரண்டே பேர். அவர்கள் ஒரே வீட்டில் இல்லை.

பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. செக்‌ஷன் மூடியதும் அப்பாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகவா என்று அம்மாவைக் கேட்டார், அவள் தடுக்கவில்லை, போனார். திரும்பி வந்தபோது நாலு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துக்கொண்டார். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. வா என்று கூப்பிடவும் இல்லை.

போன வாரம்தான் அம்மா, வாண்டுவின் அண்ணனிடம் போவதாக முடிவு சொன்னாள். அண்ணன் இருப்பது கடல் தாண்டிய தேசத்தில். ஞாயிற்றுக்கிழமை விமானம். திரும்பி வரும் எண்ணம் இல்லை. வாண்டு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னபோது அவர் “அப்படியா” என்றார், அவ்வளவுதான்.

அம்மா போய்விட்டால் இந்தக் குடும்பம் இனி ஒன்று சேராது என்று வாண்டுவுக்குத் தெரியும். அதனால்தான் இந்த ஒரு நாளை இரண்டு பேரிடமும் கெஞ்சி வாங்கினாள். வேலைக்காக என்றாள். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “மேசை தனித்தனியாதானே?” அப்பா, டீ கொடுப்பார்களா என்று கேட்டார்.

*

பழைய செக்‌ஷன் அறை இப்போது உடைந்த நாற்காலிகளின் கிடங்கு. அவற்றை ஓரம் கட்டிவிட்டு இரண்டு மேசைகளை முன்பு இருந்த மாதிரியே போட்டு வைத்திருந்தாள் வாண்டு. ஜன்னல் பக்கம் அம்மாவுடையது. கதவுப் பக்கம் அப்பாவுடையது.

அம்மா முதலில் வந்தாள். கைக்குட்டையால் மேசையைத் துடைத்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, மற்ற மேசையையும் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். தலையைச் சின்னதாக அசைத்தார். அம்மாவும் அசைத்தாள். அந்த அறையில் பேசாமல் இருப்பது விதி என்பதால் இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

பதில்களைக் கணினியில் காட்டவா என்று கேட்டதற்கு, காகிதம்தான் வேண்டும் என்று இரண்டு பேருமே சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டு. இரண்டிலும் அதே பதில்கள். யாரும் கைவைத்துப் பொறுக்காமல், குலுக்கல் முறையில் கணினி எடுத்தவை.

ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றை வாண்டு தன் கையால் எடுத்து, கட்டின் நடுவில் செருகியிருந்தாள். இந்த வேலையில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. குலுக்கலில் ஆள் கைவைத்தால் அதற்குப் பிறகு வரும் எந்தக் கணக்கையும் நம்ப முடியாது. அவளே மற்றவர்களுக்கு அதைப் பாடமாக எடுத்திருக்கிறாள்.

அந்தப் பதில் அவள் வீட்டில் ஒரு கதை. சாப்பிடும்போது அப்பா சொல்வார், அம்மா திருத்துவாள். செக்‌ஷன் தொடங்கிய முதல் சுற்றில் யாரோ ஒரு பெண், நல்ல வாழ்க்கை என்றால் என்ன என்ற கேள்விக்கு, “சாயங்காலம் கேட் திறக்கிற சத்தம் கேட்டா போதும்” என்று சொல்லியிருக்கிறாள். அம்மா அதற்குத் துணை என்று எண் போட்டாள். வீட்டுக்காரர் வந்துவிட்டார், அந்த சந்தோஷம். அப்பா பாதுகாப்பு என்றார். போனவர் பத்திரமாகத் திரும்பினாரே, அந்த நிம்மதி. ஒரு மதியம் முழுக்க வாதாடியும் முடியவில்லை. அடுத்த நாளும் தொடர்ந்தது. வேலை நேரம் முடிந்த பிறகும் நடந்துகொண்டே வாதாடினார்கள். கல்யாணத்தில் போய் முடிந்தது.

“கடைசியில யார் ஜெயிச்சாங்க?” என்று அண்ணனும் அவளும் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். நான்தான் என்பார் அப்பா. நான் விட்டுக்கொடுத்தேன் என்பாள் அம்மா. அந்தச் சாப்பாட்டு மேசை, அந்தச் சிரிப்பு, அண்ணன் தட்டைத் தாளமாகத் தட்டியது. இதெல்லாம் இந்த ஊரில்தான் நடந்தது என்று வாண்டுவுக்கே சில நாள் நம்பிக்கை வராது.

பென்சில் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவுப் பக்கத்திலிருந்து மெல்லிய முனகல் ஒன்று எழுந்தது. சிக்கலான பதில் வந்தால் அப்பா தன்னை அறியாமல் முனகுவார்.

அம்மா திரும்பவில்லை. “வாண்டு, அங்க கொஞ்சம் முனகாம இருக்கச் சொல்லு. எந்த இடத்துல முழிக்கிறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிடுது. அப்புறம் எப்படித் தனித்தனின்னு சொல்றது?”

“சரின்னு சொல்லும்மா” என்றார் அப்பா.

*

டீ இடைவேளையில் அப்பா மாடிக்கு வந்து மாடலைப் பார்க்க வேண்டும் என்றார். வாண்டு ஒரு பதிலைப் போட்டுக் காட்டினாள். எண் வந்தது. எதனால் அந்த எண் என்று நாலு வரி விளக்கமும் வந்தது. அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். எழுத்து சுத்தமாக இருக்கிறது என்றார். அவர் யாரையும் சட்டென்று குறை சொல்கிறவர் இல்லை.

எங்கே தவறுகிறது என்று கேட்டார். வாண்டு சொன்னாள். நீளமாகப் பேசியவர்களின் பதிலில் அது அநேகமாகத் தவறுவதில்லை. இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டவர்களைத்தான் பதில் இல்லை என்ற பெட்டியில் தள்ளிவிடுகிறது. அப்படிச் சுருக்கமாகப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். எல்லோரிடமும் ஒரே மாதிரி தவறினால் சமாளித்துவிடலாம். ஒரு வகை ஆட்களிடம் மட்டும் தவறினால், வயதான பெண்களுக்கு வாழ்க்கையில் எந்த ஆசையும் இல்லை என்று ஆய்வு முடிவே சாய்ந்துவிடும். எவ்வளவு சாய்கிறது என்று அளந்து திருத்தத்தான் இவர்கள் இருவரும் போடும் எண்கள்.

அப்பா டீயை உறிஞ்சினார். “இது அப்பவே இருந்திருந்தா எங்க செக்‌ஷனுக்குக் கண்ணு வலியாவது மிச்சமாயிருக்கும்.”

கீழே வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னாள் வாண்டு. அம்மா பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாள்.

“இருந்திருந்தா நீ பொறந்திருக்க மாட்டே” என்றாள்.

*

மதியத்துக்குப் பிறகு இரண்டு கட்டுகளும் திரும்பி வந்தன. வாண்டு தனியாக உட்கார்ந்து ஒத்துப்பார்த்தாள். ஏனோதானோ என்று எண் போட்டால்கூட சில பதில்கள் தற்செயலாக ஒத்துப்போகும். அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். கழித்த பிறகும் அம்மாவும் அப்பாவும் பழைய செக்‌ஷன் நாட்களைப் போலவே ஒத்துப்போயிருந்தார்கள். நாலு தெரு இடைவெளியில் இத்தனை வருடம் இருந்தும், ஒரு பதிலைப் படிக்கும் விதம் இரண்டு பேருக்கும் மாறவில்லை.

தன் கையால் செருகிய பதிலைக் கடைசியாகப் பார்த்தாள்.

அம்மா, பாதுகாப்பு என்று போட்டிருந்தாள். அப்பா, துணை.

இரண்டு பேரும் இடம் மாறியிருந்தார்கள்.

வாண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, திரும்ப உட்கார்ந்தாள். அவள் எதிர்பார்த்தது இதை இல்லை. பழைய வாதத்தை மறுபடி தொடங்குவார்கள், சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பில் ஏதாவது நடக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். ஒருவர் நினைப்புக்கு மற்றவர் வந்து நிற்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

*

ஒத்துவராத பதில்கள் கைப்பிடி அளவுதான். மேசைகளைத் திருப்பி எதிரெதிரே போட்டாள். அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்தார்கள். யார் முதலில் பேசுவது என்று ஒரு தயக்கம்.

“சார், இந்த முதல் பதில்ல நீங்க மரியாதைன்னு போட்டிருக்கீங்க. எனக்கு அப்படித் தெரியல” என்றாள் அம்மா.

வாண்டு திடுக்கிட்டுப் பார்த்தாள். செக்‌ஷனில் அவர்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்களாம். கல்யாணம் ஆன பிறகும் அந்த மேசையில் மட்டும் சார், மேடம்தான். கதையில் கேட்டிருக்கிறாள், காதால் கேட்பது இதுதான் முதல் முறை.

“காரணம் சொல்லுங்க மேடம்” என்றார் அப்பா. அம்மா சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அடுத்த பதிலில் அம்மா அவர் பக்கம் வந்தாள். மூன்றாவதில் இருவரும் ஒரே குரலில் வேறொரு பெட்டியைச் சொல்லிவிட்டு, அதற்குக் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி காகிதத்தைப் பார்த்துக்கொண்டார்கள். வேலை வழுக்கிக்கொண்டு போனது.

கடைசிக் காகிதத்தை வாண்டு நடுவில் வைத்தாள்.

இரண்டு பேரும் படித்தார்கள். படிக்கத் தேவையே இல்லை. அப்பாதான் கேட்டார்.

“ஏன் மாத்தினே?”

மேடம் இல்லை இப்போது.

அம்மா பென்சிலை உருட்டினாள். “அப்ப என்ன தெரியும் எனக்கு? தனியா இருந்து பாத்த பிறகுதான் தெரிஞ்சுது. கேட் சத்தம் கேக்கலைன்னா முதல்ல வர்றது பயம்தான். சந்தோஷம் துக்கம் எல்லாம் அப்புறம்.” கொஞ்சம் நிறுத்தி, “நீங்க ஏன் மாத்தினீங்க?” என்றாள்.

“என் வீட்டுக் கேட்டைத் திறக்கிறது நான் மட்டும்தான்” என்றார் அப்பா. “அதுல பயப்பட என்ன இருக்கு? உள்ள யாராவது அந்தச் சத்தத்தைக் கேப்பாங்களான்னுதான் இருக்கும்.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டு அடங்கியது.

இரண்டு பேரும் தங்கள் எண்ணிலேயே நின்றார்கள். ஒத்துவரவில்லை என்றால் மூன்றாவது ஆள் முடிவு சொல்ல வேண்டும் என்பது செக்‌ஷன் விதி. மூன்றாவது ஆள் யார் என்று அப்பா கேட்டார். மாடல்தான் என்றாள் வாண்டு, மடிக்கணினியைத் திறந்தபடி.

மாடல், துணை என்றது. அப்பாவின் முகத்தில் பழைய வெற்றிச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அம்மா விடவில்லை. அந்தப் பெண் பயந்த சுபாவம் என்று தட்டிப் பார்க்கச் சொன்னாள். வாண்டு தட்டினாள். நீங்கள் சொல்வது சரிதான், இது பாதுகாப்பு என்று பணிவாக மாற்றிக்கொண்டது. இல்லை, அவளுக்கு எதற்குமே பயமில்லை என்று அப்பா தட்டச் சொன்னார். அதுவும் சரிதான் என்றது.

“யார் பேசினாலும் அந்தப் பக்கம் சாயுது. உங்கப்பா மாதிரியே பழக்கி வெச்சிருக்கே” என்றாள் அம்மா.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். வாண்டுவுக்கு ஒரு கணம் அண்ணன் தட்டில் போட்ட தாளமே கேட்ட மாதிரி இருந்தது.

சிரித்துக்கொண்டே அம்மா காகிதத்தைக் கையில் எடுத்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

“நீ மாடலுக்குக் குடுத்தது செக்‌ஷன் மூடின பிறகு வந்த பதிலைத்தானே?”

வாண்டு மடிக்கணினியை மூடினாள்.

“இது முதல் சுற்றுப் பதில். குலுக்கல்ல இது எப்படி வந்துச்சு?”

“வரலம்மா. நான்தான் வெச்சேன்.”

“எதுக்கு?”

“நீங்க ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசணும்னு.”

அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். நடுவில் இது வந்த நொடியே கை தடுமாறியிருக்கும், அதனால் இதற்குப் பிறகு இருவரும் போட்ட எண்களை எல்லாம் எடுத்துவிட வேண்டும், வேறு நாளில் வேறு பதில்களைக் குலுக்கி எடுக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். அதற்கு நான் இருக்க மாட்டேன் என்றும் சொன்னாள்.

“விடு. புள்ள ஏதோ ஆசையில பண்ணிடுச்சு” என்றார் அப்பா.

“ஆசைப்பட்டதைப் பொறுக்கி வெச்சா ஆசைப்பட்ட முடிவுதான் வரும். அதுக்கு எதுக்கு ஆய்வு?” அம்மா இதை வாண்டுவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு அவள் தலையில் கை வைத்தாள். சின்ன வயதில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வைப்பாளே, அப்படி. “எதைக் கேக்கணுமோ அதை நேரா கேக்கணும். செக்‌ஷன்ல முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அதுதான்.”

கையை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“ஞாயித்துக்கிழமை ஃப்ளைட். நான் போகவா, வேண்டாமா? உன் இஷ்டம்னு மட்டும் சொல்லிடாதீங்க. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்.”

அம்மா பதில் வரும்வரை பார்வையை எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தது. களத்தில் கேள்வி கேட்கப் போகிறவர்கள் அப்படித்தான் காத்திருப்பார்கள். பதிலை எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

அப்பா வாயைத் திறந்தார். அவர் வாழ்நாளெல்லாம் சொல்லி வந்த அந்த இரண்டு வார்த்தையும் உதடு வரைக்கும் வந்ததை வாண்டு பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள்.

அவர் அதைச் சொல்லவில்லை.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி மேசைக்குள் தள்ளினார். மகளின் தோளைத் தொட்டார். மனைவியின் முகத்தை, வெகுநாள் பார்க்காததைப் பார்ப்பது போல, ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

பிறகு, போ என்றோ இரு என்றோ சொல்லாமல் வெளியே போனார்.